எது கிடைத்தாலும் சரி

ஒப்பீட்டாளர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், அதில் இருக்காது. பெரிய கடையில் பற்பசை அடுக்கியிருக்கும் அலமாரிக்கு முன்னால் இரண்டு கையிலும் இரண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மாறி மாறிப் படித்துக்கொண்டு, போகிற வருகிற தள்ளுவண்டியெல்லாம் குதிகாலில் இடித்தும் அசையாமல் நிற்கிறாரே, அவர்தான். நீங்கள் சர்க்கரை, சோப்பு, முட்டை எல்லாம் வாங்கி, பில் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போதும் அங்கேயேதான் நிற்பார். வீட்டில் எல்லாருக்கும் வாய் நாறிக்கொண்டிருக்கும். அதனால் என்ன? அவசரப்பட்டுத் தப்பான பற்பசையை வாங்கிவிட்டால் யார் பதில் சொல்வது?

வேறு அடையாளங்களும் இருக்கின்றன. ஓட்டலில் கூட வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போகிற நேரத்தில் இவர் மட்டும் சர்வரை நிறுத்தி வைத்து, "இதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வரிசை இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நின்று, எது வேகமாக நகருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார், கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். சட்டை எடுக்கப் போனால் நீலமும் எடுக்காமல், சாம்பலும் எடுக்காமல், போட்டுக்கொண்டு போன பழைய சட்டையோடு திரும்பி வந்து, "நல்ல வேளை, ஏமாறல" என்பார். இவர் வாயில் ஓயாமல் வருகிற பேச்சு: "எதுக்கும் பார்த்துடலாம்." "வேற என்னென்ன இருக்கு?" "அவசரம் ஒண்ணும் இல்லையே?" கடைசிக் கேள்விக்கு யாராவது "இருக்கு" என்று சொன்னால் அது மட்டும் அவர் காதில் விழாது.

இந்த இனத்தின் திலகம் என்று சொல்லத்தக்க ஒருவரின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் தராசு. நேரில் கூப்பிடும்போது 'சார்'. அவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் தராசு.

எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் விதி. விதியைப் போட்ட முதலாளி பெரிய பெரிய மெஷின்களை மனதில் வைத்துத்தான் போட்டார். தராசு அதைக் குண்டூசி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு தடவை ஸ்டோர் ரூமில் தீப்பிடித்தது. தீயணைப்பு சிலிண்டருக்கு மூன்றாவது கொட்டேஷன் அப்போதுதான் தபாலில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஃபேக்டரிக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அணைத்தார்கள். எல்லாரும் அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க, தராசு வாளியைத் தட்டிப் பார்த்து, "இது எங்க வாங்கினீங்க?" என்று விசாரித்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. பெண் பார்த்துவிட்டு வந்து மாதக்கணக்கில் பதிலே சொல்லாமல் இருந்தார். பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். ஒருநாள் காக்கிச் சட்டையோடு நேராக ஆபீசுக்கு வந்து, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "தம்பி, எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டாவது கிடையாது. சரின்னு சொல்லுங்க, வண்டியை வெளிய நிறுத்திட்டு வந்திருக்கேன், ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்றார். தராசு சரி என்றார். வாழ்க்கையில் அவர் உடனடியாக எடுத்த ஒரே முடிவு அதுதான்; அது நல்ல முடிவாகவும் அமைந்தது. அதிலிருந்து மாமனார் மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம். மாமியார் போன பிறகு மாமனாரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். சாயங்காலமானால் இரண்டு பேரும் சீட்டு ஆடுவார்கள். எந்தச் சீட்டை இறக்குவது என்று மாப்பிள்ளை யோசிப்பதற்குள் மாமனார் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

இவ்வளவும் எதற்கு என்றால், அந்த மாமனாருக்குத்தான் காய்ச்சல் வந்தது.

ஊரெல்லாம் ஃப்ளூ அடித்துக்கொண்டிருந்த நேரம். பஸ்ஸில் ஒருவர் தும்மினால் ஏழெட்டுப் பேர் இறங்கிக்கொள்கிற காலம். மாமனார் சும்மா இருக்கக் கூடாதா? ஓய்வுபெற்ற டிரைவர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், பழைய சிநேகிதர்கள் அத்தனை பேரையும் ஆளுக்கு இரண்டு தடவை கட்டிப்பிடித்துவிட்டு வந்தார். அடுத்த ஓரிரு நாளில், சாயங்காலம் ஆடுகிற ஆட்டத்தின் நடுவிலேயே உடம்பு அனலாகக் கொதிக்க ஆரம்பித்தது. "சங்கத்துல சந்தா மட்டும்தான் வாங்குவாங்கன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. பதிலுக்கு இதையும் குடுத்து அனுப்புறாங்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவருக்குப் பழைய இளைப்பு வேறு. காலமெல்லாம் டீசல் புகையைக் குடித்த நெஞ்சு அது.

மறுநாள் காலையிலேயே தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். தராசின் மனைவியான மகளும் வந்தாள். அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும், எங்கே, எத்தனை பேர், இந்தாங்க, அடுத்தவங்க வாங்க, அவ்வளவுதான். தராசுக்கும் அவளுக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்பது இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

டாக்டரம்மா மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சோதித்தார். "ஃப்ளூதான். ஐயாவுக்கு வயசும் ஆச்சு, இளைப்பும் இருக்கு. அதனால வைரஸை அடக்கற மருந்தை உடனே ஆரம்பிச்சுடணும். காய்ச்சல் வந்து ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போற வழியிலயே வாங்கிக் குடுத்துடுங்க" என்றார்.

இந்த இடத்தில் எழுந்து வந்திருந்தால் கதையே கிடையாது. மகள் எழுந்துவிட்டாள். மாமனாரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தராசு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, "இதுல வேற என்னென்ன இருக்கு டாக்டர்?" என்றார்.

பழுத்த அனுபவசாலி டாக்டராக இருந்தால் "ஒண்ணும் இல்ல" என்று மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். பாவம், இவர் சின்ன வயசு. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்று படித்துவிட்டு வந்தவர். நாலு வகை இருக்கிறது என்று சொன்னார். தினம் இரண்டு வேளையாக ஐந்து நாள் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று. ஒரே ஒரு வேளை போட்டுக்கொண்டால் போதும் என்கிற மாத்திரை ஒன்று. வாயால் உள்ளே இழுக்கிற பொடி ஒன்று. அது இளைப்பு இருக்கிறவர்களுக்கு ஆகாது. நரம்பில் ஏற்றுகிற மருந்து ஒன்று. அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது. "ஐயாவுக்கு முதல் ரெண்டுல எது வேணும்னாலும் குடுக்கலாம். ரெண்டையும் எழுதறேன். கடையில எது கிடைச்சாலும் சரி" என்றார்.

எது கிடைத்தாலும் சரி! உங்களுக்கும் எனக்கும் இது எவ்வளவு ஆறுதலான வார்த்தை! ஆனால் ஒப்பீட்டாளர் காதில் இது டெண்டர் அறிவிப்பு மாதிரி விழும். இரண்டுமே சரியாக இருக்க முடியுமா? ஒன்று கொஞ்சமாவது கூடச் சரியாக இருந்தாக வேண்டாமா? அதைக் கண்டுபிடிக்காமல் எதையோ ஒன்றை வாங்கிக் கொடுப்பது, படித்த மனுஷன் செய்கிற காரியமா?

மகளுக்கு டியூட்டி நேரம். அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "மாத்திரையை வாங்கிக் குடுத்துடுங்க. மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். மறப்பதா? அந்த நிமிஷத்திலிருந்து தராசு வேறு எதையுமே நினைக்கவில்லை. மறந்திருந்தாலாவது யாராவது ஞாபகப்படுத்தியிருப்பார்கள்.

ஆட்டோவை மருந்துக்கடை வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். கடையில் ஒரே கூட்டம், எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் முறை வந்தது. விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள்: இரண்டு மருந்துமே கடையில் இருந்தன. ஒன்று தீர்ந்து போயிருக்கக் கூடாதா?

"எது சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"எது நல்லா போகுது?"

"ரெண்டும் போகுது சார்."

"எது நல்லா கேக்குது?"

"வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து சொல்றதில்லை சார்" என்றார் கடைக்காரர், தலையை நிமிர்த்தாமல். பின்னால் நின்றவர் ஒரு தும்மல் தும்மினார். அதற்குப் பின்னால் நின்றவர், "அண்ணே, சாகறதுக்குள்ள ஏதாவது ஒண்ணை வாங்குங்கண்ணே" என்றார். தராசுக்குச் சுருக்கென்றது. நெருக்குகிற இடத்தில் கொள்முதல் செய்யக் கூடாது என்பது அவருடைய பல வருஷத்து அனுபவம். "எதுக்கும் பார்த்துட்டு வரேன்" என்று வெறுங்கையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

"வாங்கியாச்சா மாப்பிள்ளை?" என்றார் மாமனார் கண்ணை மூடியபடியே.

"ரெண்டும் ஸ்டாக் இருக்கு மாமா. கவலைப்படாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் மாமனாரைப் படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு, தராசு சாப்பாட்டு மேஜையில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இந்தப் பக்கம் ஐந்து நாள் மாத்திரை, அந்தப் பக்கம் ஒரு வேளை மாத்திரை. தலைப்புக்குத் தலைப்பு மார்க். ஐந்து நாள் மாத்திரை வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு மார்க். ஒரு வேளை மாத்திரை ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது. அதற்கு ஒரு மார்க். ஐந்து நாள் மாத்திரையில் குமட்டல் வரலாம்; மார்க்கில் வெட்டு. ஒரு வேளை மாத்திரையைப் பாலோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இந்த இடத்தில் அவர் எழுந்து மாமனாரின் அறைக்குப் போனார்.

"மாமா, பால் ஊத்தாத டீ குடிப்பீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப அதுக்கு ஒரு மார்க் குறையுது."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"மாத்திரைக்கு மாமா. நீங்க தூங்குங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனார். "மாமா, உங்களுக்கு மாத்திரை முழுங்கறது கஷ்டமா இருக்குமா?"

"குடுத்தா முழுங்குவேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "குடுத்தாத்தானே?"

கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமம். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு மருந்துமே, சீக்கிரம் கொடுத்தால், காய்ச்சல் நாளில் ஏறக்குறைய ஒரு நாளைக் குறைக்கின்றன. பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சாதாரண மனுஷனுக்கு இது பிரச்சனை தீர்ந்த இடம். தராசுக்கு இது பிரச்சனை ஆரம்பித்த இடம். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் சின்ன வித்தியாசம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது? மாமனாருக்கு ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா ஒதுக்கிய பொடியையும் எடுத்துப் படித்துவைத்தார். ஒன்றும் விடுபட்டுவிடக் கூடாது பாருங்கள். எல்லாவற்றையும் படித்தவர் கண்ணில் 'சீக்கிரம் கொடுத்தால்' என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் பட்டு, ஒவ்வொரு தடவையும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் மகள் வந்தாள். "மாத்திரை குடுத்தாச்சா?"

"காலைல ஆரம்பிச்சுடலாம். சாப்பாட்டோட குடுத்தா வயித்தைப் புரட்டாதாம்" என்றார் தராசு. அது பொய்யில்லை, தாளின் இடது பக்கத்தில் இருந்த செய்திதான். மாத்திரை வீட்டில் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைக்க மாட்டாளா? கடைக்குப் போன மனுஷன் மாத்திரை வாங்காமல் வருவான் என்று எந்த மனைவி எதிர்பார்ப்பாள்? கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆன பிறகும் எதிர்பார்க்கவில்லையே என்று அப்புறம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

மறுநாள் அவள் முதல் ரயிலுக்கு டிக்கெட் கொடுக்கக் கிளம்பிப் போனாள். தராசு லீவு போட்டிருந்தார். காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு வெளிச்சம் பிறந்தது. தொழிற்சாலையில் முடிவு எடுக்க முடியாமல் தவிக்கும்போது என்ன செய்வோம்? மூன்று கொட்டேஷன்! இருப்பது ஒரே ஒரு கொட்டேஷன், தெருமுனை டாக்டரம்மாவுடையது. இன்னும் இரண்டு வேண்டும். இந்தச் சின்ன விஷயம் நேற்றே தோன்றாமல் போயிற்றே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

முதலில் தொழிற்சாலைக்கு வாரம் ஒருமுறை வந்து போகிற டாக்டருக்கு ஃபோன் போட்டார். "ரெண்டுல எது வேணும்னாலும் குடுங்க. ஆனா உடனே குடுங்க" என்றார் அவர்.

அடுத்து பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சிநேகிதன். அவனும் டாக்டர்தான், ஆனால் மாட்டு டாக்டர். "டேய், நான் மாட்டுக்குப் பார்க்கறவன்டா" என்றான் அவன். பின்னால் ஏதோ ஒரு மாடு ஆமோதித்தது. "ஆனா எனக்கே தெரியும், இதெல்லாம் சீக்கிரம் குடுக்கணும். ரெண்டும் ஒண்ணுதான். குடுத்துட்டியா இல்லையா?"

"கொட்டேஷன் எடுத்துக்கிட்டிருக்கேன்."

"என்னத்தை?"

தராசு ஃபோனை வைத்துவிட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒரே பதில். வார்த்தைகூட அதிகம் மாறவில்லை. இப்போதாவது சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்குக் கொள்முதல் தொழில் தெரியவில்லை. மூன்று கொட்டேஷன் வந்து மூன்றும் ஒரே மாதிரி இருந்தால், மூன்று பேரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்! அந்த டெண்டரை அப்படியே ரத்து செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும் என்பது விதி. தெருமுனை டாக்டரம்மாவும், தொழிற்சாலை டாக்டரும், மாட்டு டாக்டரும் எங்கே, எப்போது கூடிப் பேசியிருப்பார்கள் என்று தராசு யோசிக்கவில்லை. விதி விதிதான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் கோடு போட்டார்.

அறையிலிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நடுநடுவில் ஒரு விசில் சத்தமும் கேட்டது. மாமனார் பாட்டுப் பாடுகிறார் போலிருக்கிறது, தெம்பு வந்துவிட்டது என்று தராசு சந்தோஷப்பட்டார்.

மத்தியானம் கவுன்ட்டரில் கூட்டம் குறைந்த நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள். "மாத்திரை குடுத்தாச்சா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டவா? மாத்திரை குடுக்கறதுல என்னங்க கிட்டத்தட்ட? ஒண்ணு வாயில இருக்கும், இல்ல வெளிய இருக்கும். எங்க இருக்கு இப்ப?"

"கடையில."

மறுபக்கத்தில் நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பாகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றாள். தராசு அறைக்குள் போனார். ஃபோனை மாமனார் காதில் வைத்தார். பதில் வரவில்லை, விசில் சத்தம்தான் வந்தது. அது பாட்டில்லை, மூச்சு என்று அப்போதுதான் தராசுக்கு விளங்கியது. கிழவர் கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பேசத்தான் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

பக்கத்து சீட்டுக்காரியைத் தன் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிட்டு அவள் ஓடி வந்தாள். வீட்டுக்குக்கூட வரவில்லை, யூனிஃபார்மோடு நேராக மருந்துக்கடை. வரிசையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத் தாங்களாகவே வழிவிட்டார்கள்.

"எதும்மா வேணும்?"

"உங்க கைக்கு எது பக்கமோ அது."

கடைக்காரர் கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து, அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். கதவோரம் தராசு, கையில் புதுத் தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

"எதைக் குடுத்தே?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. அந்த இனத்துக்கு நாக்கில் சனி. அவள் அந்தத் தாளைப் பிடுங்கிச் சுருட்டினாள். எங்கே எறிவது என்று ஒரு நிமிஷம் பார்த்தாள், அவர் முகத்திலேயே எறிந்தாள். "எங்கப்பா மூச்சு விட முடியாம கிடக்காரு, நீங்க மார்க் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க! மனுஷன்தானா நீங்க?" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்ததில் பாதி வார்த்தை முழுசாக வரவில்லை. வந்த பாதியே போதுமானதாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தார்கள். மூச்சு இப்படி இழுக்கிறது என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றார் அவர். எந்த ஆஸ்பத்திரி என்று தராசு கேட்கவில்லை. மாமனாரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், முதலில் வந்த ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் மாமனாரை உள்ளே கொண்டுபோய் மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். டியூட்டி டாக்டர் வெளியே வந்து கேட்டார்.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"ஃப்ளூன்னு டாக்டர் எப்ப சொன்னாங்க?"

"நேத்து காலைல."

"மருந்து எப்ப குடுத்தீங்க?"

"இப்பதான். கொஞ்சம் முன்னாடி."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நடுவுல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

தராசு மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று கிடையாது.

"எது நல்லதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

"ரெண்டும் நல்லதுதாங்க" என்றார் டாக்டர். "உள்ள போனாத்தான்."

அன்றும் மறுநாளும் தராசு அந்த வராந்தா பெஞ்சைவிட்டு நகரவில்லை. பயம் என்றால் என்னவென்று அந்தப் பெஞ்சில்தான் அவருக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க, தப்பானதை எடுத்துவிடுவோமோ என்றுதான் பயந்திருக்கிறார். ஒன்றையும் எடுக்காமல் விடுவது இவ்வளவு பெரிய தப்பாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னார்கள், எல்லாரும் சொன்னார்கள். அவர்தான் அதை ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு மார்க் போட்டார்.

மூன்றாம் நாள் உள்ளே போகலாம் என்றார்கள். மாமனார் தலையணையில் சாய்ந்திருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கிட்டே வரச் சொல்லி, மாஸ்க்கை ஒரு பக்கமாக விலக்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை... இந்தக் காத்து நல்லாத்தான் இருக்கு... மூணு இடத்துல விசாரிச்சுத்தானே... வாங்கினீங்க?"

அவ்வளவுதான். தராசு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல் ஓவென்று அழுதார். "மன்னிச்சிடுங்க மாமா, மன்னிச்சிடுங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. "சரி சரி, விடுங்க" என்றார் மாமனார். "உங்களுக்குப் பொண்ணைக் குடுத்தப்பவே எனக்குத் தெரியும்." மகள் மாஸ்க்கை இழுத்து அப்பாவின் வாயை மூடினாள். தராசுக்கு அவள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அவள் அன்றைக்குத்தான் வீட்டிலிருந்து அப்பாவோடு அவருக்கும் சேர்த்து டீ கொண்டுவந்திருந்தாள்.

மாமனார் பிழைத்து வீட்டுக்கு வந்தார். நுரையீரல் முன்னைப்போல இல்லை. மாடிப்படியில் நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. மருந்து சீக்கிரம் உள்ளே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதோ என்னவோ. அதை யாரும் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமனார் படியில் நிற்கும்போதெல்லாம் தராசும் கீழே நின்று காத்திருப்பார்.

அவர் வந்து சேர்ந்த கையோடு தராசு படுத்துவிட்டார். மருந்துக்கடை வரிசைத் தும்மலோ, மாமனாரைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டமோ, ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. உடம்பு கொதித்தது, எலும்பெல்லாம் கழன்றது. மனைவி டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்து, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து ஒரு கையிலும் தண்ணீரை மறு கையிலும் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாயைத் திறங்க."

"இது எது..." என்று ஆரம்பித்தார் தராசு.

அவள் பார்த்தாள்.

தராசு வாயைத் திறந்தார், முழுங்கினார், தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒப்பீட்டாளர் இனத்தின் வரலாற்றில் இப்படி ஒன்று நடந்ததாக இதற்கு முன் செய்தி இல்லை.

கதை அவ்வளவுதான். கிழவர் பிழைத்தார், மாப்பிள்ளையும் எழுந்து உட்கார்ந்தார். நீங்கள் எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். ஏன் இன்னும் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? முகத்தில் என்ன ஒரு தவிப்பு? ஓஹோ. கடைக்காரர் கைக்குப் பக்கத்தில் இருந்தது ஐந்து நாள் மாத்திரையா, ஒரு வேளை மாத்திரையா என்று கடைசிவரை சொல்லவே இல்லையே என்று பார்க்கிறீர்களா? இரண்டில் எதில் மாமனார் பிழைத்தார் என்று தெரிந்தால் நமக்கும் ஒருநாள் உதவுமே என்று பார்க்கிறீர்களா? மேலே போய் எங்கேயாவது குறிப்பு இருக்கிறதா என்று மறுபடி ஒருதரம் தேடிக்கூட வந்திருப்பீர்கள் போலிருக்கிறதே!

அப்படியென்றால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், தயவுசெய்து மருந்து வாங்க நீங்கள் போகாதீர்கள். வேறு யாரையாவது அனுப்புங்கள். யாரை அனுப்பலாம் என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.